குளுக்கோமீட்டருக்குள் முடங்கும் எண்கள்

இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்ட ஆய்வு 2023-ஆம் ஆண்டில் தெரிவித்தது. குளுக்கோமீட்டர் இன்று பல வீடுகளில் வெப்பமானியைப் போலவே புழங்கும் பொருளாகிவிட்டது. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம். சில நொடிகளில் திரையில் ஓர் எண். பெரும்பாலான வீடுகளில் அந்த எண்ணின் பயன் அத்துடன் முடிந்துவிடுகிறது.

பத்து ஆண்டுகளாக நீரிழிவுடன் வாழும் நான், மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது குளுக்கோமீட்டரின் அளவுகளைக் கணினிக்கு மாற்றி, ஒரே தாளில் வரைபடமாக அச்சிட்டு எடுத்துச் செல்கிறேன். ஐந்து நிமிடச் சந்திப்பில் 200 எண்களை எந்த மருத்துவராலும் படிக்க இயலாது. ஒரு வரைபடத்தைப் பார்க்க இயலும்.

சராசரி மட்டும் போதாதா என்று கேட்கலாம். மூன்று மாத நிலையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை மிக முக்கியமானதே. ஆனால், 140, 160 என்ற இரு அளவுகளின் சராசரியும் 150. 60, 240 என்ற இரு அளவுகளின் சராசரியும் 150. முன்னதில் கவலைக்கு அதிக இடமில்லை. பின்னதில் தாழ்சர்க்கரை ஆபத்தும் உயர்சர்க்கரை ஆபத்தும் ஒளிந்திருக்கின்றன. பல வார அளவுகளை 24 மணி நேர அச்சில் ஒன்றன்மீது ஒன்றாகப் பொருத்தினால்தான், எந்த வேளையில் சர்க்கரை ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பது புலப்படும். வெறும் வயிற்றில் சரியாக இருந்த என் அளவு காலை உணவுக்குப் பின் 200-ஐத் தாண்டுவது அப்படித்தான் தெரிந்தது. மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டவில்லை. உட்கொள்ளும் வேளையை மாற்றினார்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பதை மட்டும் நம்ப முடியாது. கருவியில் நினைவகம் இருப்பதை அறியாமல் பயன்படுத்தியோரின் கைக்குறிப்புகளை, நினைவகத்தில் பதிவான அளவுகளுடன் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 1984-இல் வெளியானது. இரண்டுக்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்தது. உயர்ந்த அளவை எழுதத் தயங்குவது மனித இயல்பு. கருவிக்கு அந்தத் தயக்கம் இல்லை.

மாற்றும் முறை கடினமானதன்று. சில கருவிகளை யூஎஸ்பி கம்பிவடத்தால் கணினியுடன் இணைக்கலாம். புளூடூத் வசதியுள்ளவை கைப்பேசிச் செயலிக்கு அளவுகளை அனுப்பும். செயலியிலிருந்து அட்டவணைக் கோப்பாகப் பதிவிறக்கும் வசதி இருந்தால், அதைக் கணினியில் திறக்கலாம். மூன்றை மட்டும் கவனிக்க வேண்டும். முதலாவது, கருவியின் கடிகாரம்: மின்கலத்தை மாற்றியபின் நேரம் தவறியிருந்தால் காலை அளவு இரவு அளவாகிவிடும். இரண்டாவது, தேதியின் வடிவம்: ஏப்ரல் 3-ஐ மார்ச் 4 என்று கணினி புரிந்துகொள்ளக்கூடும். மூன்றாவது, அலகு: வெளிநாட்டுக் கருவி லிட்டருக்கு மில்லிமோல் என்று காட்டினால், 18-ஆல் பெருக்கினால்தான் நமக்குப் பழக்கமான மில்லிகிராம் அளவு கிடைக்கும்.

உண்மையான தடை தொழில்நுட்பத்தில் இல்லை. குளுக்கோமீட்டருக்கான பொதுவான புளூடூத் நெறிமுறை 2012-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. ஆயினும், தங்கள் செயலிக்கு வெளியே அளவுகள் செல்ல வழிவிடாத நிறுவனங்கள் உள்ளன. என் பழைய கருவிக்கான மென்பொருள், கணினியின் இயங்குதளம் மாறியதும் செயலிழந்தது. நிறுவனம் அதைப் புதுப்பிக்கவில்லை. நினைவகத்தில் இருந்த ஏறத்தாழ 500 அளவுகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று. என் ரத்தம், நான் வாங்கிய சோதனைப் பட்டை, ஆனால் எண்கள் மட்டும் எனக்கு எட்டாதவை என்பது என்ன நியாயம்?

இதே கேள்வியை 2013-இல் செயலால் எழுப்பியவர் அமெரிக்கப் பொறியாளர் ஜான் காஸ்டிக். தன் சிறுவயது மகன் அணிந்திருந்த தொடர் அளவீட்டுக் கருவியின் எண்களைக் கணினி வழியே இணையத்துக்குக் கொண்டுவந்து, தொலைவிலிருந்தே கண்காணித்தார். அம்முயற்சி 'நைட்ஸ்கவுட்' என்னும் கட்டற்ற மென்பொருளாக வளர்ந்து, பல நாட்டுப் பெற்றோருக்குப் பயன்பட்டு வருகிறது.

ஒவ்வொரு நோயாளியும் பொறியாளராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சட்டம் துணைநிற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 20-ஆவது பிரிவு, தம் தரவை எடுத்துச் செல்லும் உரிமையைத் தனிநபருக்கு வழங்குகிறது. நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு மசோதாவிலும் அவ்வுரிமை இருந்தது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை.

குளுக்கோமீட்டர்கள் இங்கு மருத்துவக் கருவிகளாக ஒழுங்குபடுத்தப்படுகின்றன. காட்டும் அளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதைப் போலவே, அந்த அளவுகளைப் பொதுவான கோப்பாகப் பதிவிறக்கும் வசதி இருக்க வேண்டும் என்பதையும் உரிமத்துக்கான நிபந்தனையாக்கலாம். அதுவரை, புதிய கருவி வாங்குவோர் விலையையும் பட்டையின் விலையையும் கேட்பதோடு நின்றுவிடாமல், 'இதிலுள்ள அளவுகளை என் கணினிக்கு மாற்ற முடியுமா' என்றும் கேட்க வேண்டும். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால், விற்போர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.