செல்போன் படத்தில் கல்லை அளக்காதீர்கள்

தொப்பம்பட்டி சுற்றுவட்டாரத்திலிருந்து பழனிக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ திண்டுக்கல்லுக்கோ ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் ஒரு பெரிய உறையோடு திரும்பி வருகிறார்கள். உள்ளே ஃபிலிம், கூடவே ஒரு பக்க ரிப்போர்ட். வீட்டுக்கு வந்ததும் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து செல்போனில் படமெடுத்து, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அவர் அதை ஏதோ ஒரு இலவச மென்பொருளில் திறந்து, கோடு இழுத்து, ஒரு எண்ணைச் சொல்கிறார். அதற்குப் பிறகு ரிப்போர்ட்டை யாரும் படிப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், சிறுநீரகக் கல்லின் மேல் இழுத்த கோட்டில் 48 என்று வந்தது. 4.8 மில்லிமீட்டராக இருக்கும், தானாகவே போய்விடும் என்று நினைத்து டாக்டரிடம் மறுபடி போகவில்லை. ரிப்போர்ட்டில் இருந்தது 9 மி.மீ. திரையில் அந்த 48-க்குப் பக்கத்தில் மி.மீ. என்ற குறியே இல்லை. பிக்சல் என்பதன் சுருக்கம்தான் இருந்தது. அதாவது 48 புள்ளிகள். ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர் என்பது அந்த மென்பொருளுக்கே தெரியாது.

ஸ்கேன் இயந்திரம் தரும் அசல் கோப்புக்கு டைகாம் என்று பெயர். படத்தோடு, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரமும் அதற்குள் எழுதப்பட்டிருக்கும். 35 செ.மீ. அகலப் பரப்பை 512 புள்ளிகளாகப் பிரித்த சி.டி. ஸ்கேனில் ஒரு புள்ளி சுமார் 0.68 மி.மீ. அந்தக் கணக்கை வைத்துத்தான் ரேடியன்ட், மைக்ரோடைகாம், ஹோரஸ் போன்ற மென்பொருள்கள் மில்லிமீட்டர் சொல்கின்றன. ஃபிலிமைப் படம் எடுத்தால் அந்தக் கணக்கு அழிந்துவிடுகிறது. ஃபிலிமின் மேல் ஸ்கேல் வைப்பதும் தவறு: ஒரே தாளில் இருபது படங்களைச் சுருக்கி அச்சிட்டிருப்பார்கள். ஓரத்தில் கோடு போட்ட சிறு அளவுகோல் ஒன்று இருக்கும். அதோடு ஒப்பிட்டால் தோராயம் தெரியும், அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் இன்னொரு சிக்கல் உண்டு: பதிவுத் தட்டிலிருந்து விலகி இருக்கும் உறுப்பு உண்மை அளவைவிடப் பெரிதாக விழும்.

அசல் கோப்பே கையில் இருந்தாலும் அவசரப்படாதீர்கள். மென்திசுவுக்கான வெளிச்ச அமைப்பில் பெருத்துத் தெரியும் கல், எலும்புக்கான அமைப்பில் ஒடுங்கும். போன வருடம் குறுக்குவெட்டில் அளந்ததை இந்த வருடம் நெடுக்குவெட்டில் அளந்துவிட்டு, "வளர்ந்துவிட்டது" என்று அலறுவதில் அர்த்தமில்லை. பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, ஒரே வெட்டில், ஒரே அமைப்பில் அளந்து தரும்படி கதிரியக்க மருத்துவரிடம் கேளுங்கள். அதற்குப் பழைய ஸ்கேனின் அசல் கோப்புகள் அடங்கிய குறுந்தகடு, அதாவது சி.டி. வட்டு, உங்களிடம் இருக்க வேண்டும்.

இதில்தான் ஸ்கேன் மையங்கள் அலைக்கழிக்கின்றன. "ஃபிலிம் கொடுத்தாச்சே, சி.டி. எதுக்கு?" என்பார்கள். வாக்குவாதம் வேண்டாம், ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். நோயாளி பெயர், ஸ்கேன் எண், எடுத்த தேதி, பில் எண். "எனது ஸ்கேனின் அனைத்துப் படங்களையும் டைகாம் வடிவில் சி.டி.யிலோ பென்டிரைவிலோ தர வேண்டுகிறேன்" என்ற ஒரு வரி. கீழே கையெழுத்து. நகலில் தேதியோடு பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். கையொப்பம் தர மறுத்தால் ஒப்புகை பெறும் வசதியோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் அவை கட்டாயப்படுத்துகின்றன. வெளிநோயாளியாக எடுத்த ஸ்கேனுக்கு அந்த மூன்று ஆண்டு உறுதியை நம்பி இருக்காதீர்கள். அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

72 மணி நேரம் கடந்தும் வரவில்லையென்றால், அந்த ஒப்புகை நகலோடு மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். திங்கட்கிழமை திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்கலாம். அரசு மருத்துவமனை என்றால் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பணம் கட்டி எடுத்த ஸ்கேனில் தவறால் பாதிப்பு நேர்ந்திருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். வாயால் சொன்ன புகாரை எந்த அலுவலகமும் நினைவில் வைத்திருக்காது. ஆகவே நகல், தேதி, கையொப்பம்; இந்த மூன்றும் இல்லாமல் எந்த மேசையிலும் தாளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

மறுபடியும் சொல்கிறேன், வாட்ஸ்அப் படத்தில் அளக்காதீர்கள். அளந்த எண்ணை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள், அறுவை சிகிச்சைக்கும் ஓடாதீர்கள். உங்கள் அளவும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகவில்லையென்றால், இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், "எந்த வெட்டில் அளந்தது, நீளமா அகலமா?" என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அடுத்த முறை ஸ்கேனுக்குப் பணம் கட்டும்போது, ரசீதை வாங்கும் அதே ஜன்னலில் சி.டி.யையும் கேட்டுவிடுங்கள்.