காப்புப் போன பிறகு கற்ற கணக்கு



2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் கணவரைத் தொலைத்துவிட்டு, கைக்குழந்தையோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தவள் நான். 2012இல் கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் வாடகை அறை. மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம் வறுத்து, மில்லில் கொடுத்துத் திரித்து, பக்கற்றில் அடைத்து விற்பதுதான் எங்கள் சீவனம். கைப்பக்குவம் அம்மா தந்தது. வியாபாரக் கணக்கை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அதை நட்டப்பட்டுத்தான் படித்தேன். நீங்கள் அப்படிப் படிக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விளம்பரம் என்ற ஆசை

2024இல் மகள் உயர்தர வகுப்புக்குப் போனாள். ரியூசன் காசு கூடியது. விற்பனையைப் பெருக்க வேண்டும் என்று இரண்டு காப்புகளையும் ஈடு வைத்தேன். அந்தக் காசை மூன்று இடங்களில் போட்டேன்.

முதலாவது, ஓர் இணையத்தளத்தில் விளம்பரக் கட்டுரை. செய்தி போலவே இருக்கும். ஆனால் காசு கொடுத்துப் போடுவது. மாதம் 14,000 ரூபா. இரண்டாவது, ஞாயிறு பத்திரிகையில் சிறு விளம்பரம். ஒரு தடவைக்கு 2,000 ரூபா. மூன்றாவது, கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு கடைத் தட்டில் பக்கற்றுகளை வைப்பது. விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி எடுக்க வேண்டும்.

என் அரைக்கிலோ பக்கற்றின் விலை 1,500 ரூபா. பொருள், மில் கூலி, உறை எல்லாம் 1,150 ரூபா. கையில் மிஞ்சுவது 350. அப்படியென்றால் 14,000 ரூபாவை மீட்க 40 பக்கற் விற்க வேண்டும். இந்தச் சின்னப் பிரித்தலைக் காசு கட்டுமுன் நான் செய்யவில்லை.

பிந்தி நிறுத்தியது

முதல் மாதம் கட்டுரையைப் பார்த்து வந்தவர்கள் மூன்று பேர். ஐந்து பக்கற் போனது. நான் மனம் சோர்ந்து தொலைபேசி எடுத்தேன். "அக்கா, ஆயிரக்கணக்கான ஆக்கள் பார்த்திருக்கினம். இன்னும் ஒரு மாசம் பொறுங்கோ" என்றார் அந்தத் தம்பி. பொறுத்தேன். அடுத்த மாதமும் அதே கதை. போட்ட காசு போய்விடுமே என்ற பயத்தில் மூன்றாம் மாதமும் கட்டினேன்.

மொத்தம் 42,000 ரூபா. வந்தவர்கள் ஒன்பது பேர், வாங்கியது 16 பக்கற், மிஞ்சியது 5,600 ரூபா. 36,400 ரூபா நட்டம். ஒரு காப்பை மீட்டேன். மற்றது ஏலத்தில் போய்விட்டது. கலியாணத்தன்று அவர் போட்ட காப்பு அது.

பார்த்தவர் தொகை வேறு, வாங்கியவர் தொகை வேறு. போன காசு இருந்தாலும் போனதுதான், நிறுத்தினாலும் போனதுதான். இனிப் போடப்போகும் காசு திரும்புமா என்பதை மட்டுமே கேட்க வேண்டும். முதல் மாத முடிவிலேயே அதற்கு விடை என் கொப்பியில் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

முந்தி நிறுத்தியது

பத்திரிகை விளம்பரத்தில் இதற்கு நேர்மாறான பிழை விட்டேன். இரண்டு ஞாயிறு போட்டேன், 4,000 ரூபா. ஒரேயொரு அழைப்பு வந்தது. அந்த அம்மா வாங்கியது இரண்டு பக்கற். "இது சரிவராது" என்று உடனே நிறுத்தினேன். ஆனால் அவர் அடுத்த மாதமும் வந்தார். கனடாவில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினார். அயலவருக்கும் சொன்னார். ஒரு வருடத்தில் அந்த ஓர் அழைப்பால் மட்டும் 31 பக்கற் போனது. மிச்சம் 10,850 ரூபா! கட்டுரையால் வந்த ஒன்பது பேரில் திரும்பி வந்தவர் இரண்டே பேர்.

ஆகவே முதல் நாள் வாங்கியதை மட்டும் எண்ணக்கூடாது. வந்தவர் மறுபடி வருகிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

எவ்வளவு பொறுப்பது?

இந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் உரியதல்ல. இணையத்தில் செய்திக்குக் கீழே "உங்களுக்காக" என்று வருகின்ற விளம்பரங்களைக் கண்டிருப்பீர்கள். 2006இல் தொடங்கிய அவுட்பிரெய்ன், 2007இல் தொடங்கிய தபூலா போன்ற நிறுவனங்கள் ஒரே விளம்பரத்தைப் பல தளங்களில் போடுகின்றன. காசு போடுபவர்கள் தளம் தளமாகக் கணக்குப் பார்த்து, பயன் தராத இடத்தை வெட்டி, பயன் தரும் இடத்தை வைத்திருக்கிறார்கள். முழு விளம்பரத்தையும் நிறுத்துவதில்லை.

அவர்களில் பலர் கைக்கொள்ளும் ஒரு வழி எங்களுக்கும் உதவும். ஒரு விற்பனையில் மிஞ்சும் காசைப் போல் மூன்று மடங்கு செலவாகியும் ஒரு விற்பனைகூட இல்லையென்றால் அந்த இடத்தை நிறுத்துங்கள். எனக்கு 350 ரூபா மிஞ்சுவதால் எல்லை 1,050 ரூபா.

ஏன் மூன்று? விசாரிக்கும் 20 பேரில் ஒருவர் வாங்கினால் உங்களுக்கு முதல் தேறும் என்று வையுங்கள். முதல் 20 பேரில் ஒருவரும் வாங்காமல் போவது, நல்ல இடத்திலும் 100க்கு 36 தடவை நடக்கக்கூடியது. அது வெறும் அதிட்டக் குறைவாக இருக்கலாம். 60 பேர் விசாரித்தும் ஒருவரும் வாங்காமல் போவது 100க்கு 5 தடவைகூட நடக்காது. அப்போது குறை இடத்தில்தான். தாயம் விளையாடியவர்களுக்கு இது விளங்கும். இரண்டு தரம் விழாவிட்டால் கட்டையைக் குறை சொல்லமாட்டோம்.

அவ்வளவு பொறுக்கக் காசு இல்லையா? மூன்று இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடாமல் ஓர் இடத்தில் போட்டுப் பாருங்கள். முகநூலில் சிறு தொகையோடு தொடங்கலாம். விளம்பரம் எந்தப் பகுதியில் காட்டப்பட்டு எவ்வளவு செலவானது என்று அதிலேயே பிரித்துப் பார்க்கலாம். என் மகள்தான் பார்த்துச் சொல்கிறாள்.

கடைக்கார அண்ணை

கொட்டாஞ்சேனைக் கடையை நிறுத்துவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. கொழும்பில் முதன்முதல் என் பக்கற்றைக் கையில் வாங்கியவர் அந்த அண்ணை. மாதம் நாலு பக்கற் விற்கும். கடைப் பங்கு போக 800 ரூபா மிஞ்சும். 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை போய் அங்கிருந்து ஓட்டோ பிடிக்க, போக வர 550 ரூபா. மணம் போய்த் திரும்பும் பக்கற் ஒன்றுக்கு 1,150 ரூபா. மாதம் 900 ரூபா நட்டம். நன்றிக்காக இதைச் சுமந்தேன்.

ஒருநாள் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்தார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே தங்கச்சி. பக்கற்றை எடுங்கோ. உங்கட நம்பரை ஒரு மட்டையில எழுதி வையுங்கோ, கேக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறன்" என்றார். இப்போது அந்த மட்டையைப் பார்த்து அழைப்புகள் வருகின்றன. எனக்குச் செலவு ஒன்றும் இல்லை.

கொப்பியில் எழுத வேண்டியவை

காசு போடுமுன்:
- ஒரு பக்கற்றில் எவ்வளவு மிஞ்சும்?
- போடும் காசை மீட்க எத்தனை விற்க வேண்டும்?
- எவ்வளவு செலவானதும், அல்லது எந்தத் திகதியில், நிறுத்துவேன்?

போட்ட பின்:
- அழைக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள்.
- ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு பெயர் கொடுக்கலாம். ஓர் இடத்தில் "அக்காவைக் கேளுங்கள்", இன்னோர் இடத்தில் "மகளைக் கேளுங்கள்". யாரைக் கேட்டு அழைப்பு வருகிறதோ, அதுவே இடத்தைக் காட்டிவிடும்.
- மறுபடி வருபவர்களைத் தனியாகக் குறியுங்கள்.

நிறுத்தும் எல்லையைக் காசு கட்டுமுன்னரே எழுதிவிடுங்கள். நட்டம் வந்த பிறகு எங்கள் மனம் நியாயம் தேடத் தொடங்கிவிடும்.

இந்த மாதம் ஞாயிறு விளம்பரத்தை மறுபடியும் போட்டிருக்கிறேன். ஆறு தடவை, 12,000 ரூபா. அதற்கு மேல் இல்லை என்று கொப்பியில் எழுதி, மகளைக் கொண்டு கையெழுத்தும் வைப்பித்தேன். மிஞ்சிய ஒற்றைக் காப்பு என் கையிலேயே இருக்கிறது. இனி அதைக் கழற்றமாட்டேன்.