விளக்கொளியும் வேக லென்ஸும்

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

ஒளியை உண்டு வளர்வது ஒளிப்படக் கலை. நண்பகல் வெயிலில் படம் எடுப்பது எவர்க்கும் எளிது. ஆனால் இரவில், வீட்டுக்குள் எரியும் ஒற்றை விளக்கை நம்பிப் படம் எடுப்பது எப்படி? இதற்கு விடையாக உருவானவையே ‘வேக லென்ஸ்கள்’. வகுப்பறையில் கரும்பலகையில் கண்ட வில்லைச் சூத்திரங்களை நான் ஒரு பழைய கேமராவின் வழியாக மீண்டும் படிக்க நேர்ந்தது. அந்தப் பாடத்திற்கு நான் கொடுத்த விலை சற்றுப் பெரிது. ஆகவே மாணவ நண்பர்கள் அந்த விலையைக் கொடுக்காமலே பாடத்தை மட்டும் பெற வேண்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

மாமாவின் கேமரா

என் தாய்மாமா கடலூர் முதுநகரில் பல ஆண்டுகள் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து 1978-இல் அவர் வாங்கிய கேமரா ஒன்று பீரோவில் உறங்கிக் கொண்டிருந்தது. ஜப்பானிய நிறுவனமான கேனான் 1959-இல் வெளியிட்ட ‘பி’ என்னும் மாதிரி அது. அதன் முகப்பில் 50 மி.மீ. குவியத்தூரமும் எஃப் 1.2 திறப்பும் உடைய, கையில் எடுத்தால் கனக்கும் லென்ஸ் ஒன்று இருந்தது. அதை என்னிடம் கொடுத்தபோது மாமா சொன்னார்: “பகல்ல இதை வெளிய எடுக்காத மாப்ளே. இது ராத்திரிக்குன்னே செஞ்ச கண்ணு.”

எஃப் 1.2 என்றால் என்ன? குவியத்தூரத்தை லென்ஸின் ஒளித் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே இந்த எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் திறப்பு 25 மி.மீ. எஃப் 1.2 என்றால் ஏறத்தாழ 42 மி.மீ. எண் குறையக் குறையத் திறப்பு அகலும். உள்ளே வரும் ஒளி விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே எஃப் 2-ஐ விட எஃப் 1.2 சுமார் 2.8 மடங்கு ஒளியைத் தருகிறது. அதிக ஒளி வருவதால் ஷட்டர் குறைந்த நேரம் திறந்தால் போதும். வேக லென்ஸ் என்ற பெயர் இதனால் வந்தது. குவியத்தூரத்தை மாற்ற இயலாத, ‘ஜூம்’ அல்லாத லென்ஸுக்குப் பிரைம் லென்ஸ் என்று பெயர். மிக அகன்ற திறப்புகள் பெரும்பாலும் பிரைம் லென்ஸ்களிலேயே அமைகின்றன.

இரு கண்ணால் அளக்கும் கருவி

இனி, ரேஞ்ச் ஃபைண்டர் என்னும் தொலைவுமானியைப் பார்ப்போம். கட்டைவிரலை முகத்துக்கு முன் நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். விரல் அருகே வந்தால் இந்த மாற்றம் அதிகம், விலகினால் குறைவு. நம் மூளை தொலைவை உணர்வதற்கு இது ஒரு வழி. ரேஞ்ச் ஃபைண்டர் கேமராவிலும் இவ்வாறே இரு சன்னல்கள் உண்டு. இரண்டின் வழியாகவும் வரும் பிம்பங்கள் பார்வைச் சட்டத்தின் நடுவே ஒன்றன் மேல் ஒன்றாக விழும். லென்ஸைத் திருப்பும்போது ஒரு நெம்புகோல் உள்ளே நகர்ந்து இரண்டாம் பிம்பத்தை நகர்த்தும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் தொலைவு சரி என்று பொருள். சன்னல்களின் இடைவெளி அகலமாக இருக்குமளவு அளவீடு நுட்பமாகும். மாமாவின் கேமராவில் அந்த இடைவெளி 41 மி.மீ. 1954-இல் வந்த லைக்கா எம் 3-இல் 69 மி.மீ. அளவில் இருந்தது.

இக்கருவியின் சிறப்பு இருட்டில் வெளிப்படும். எந்த லென்ஸைப் பொருத்தினாலும் பார்வைச் சன்னலின் வெளிச்சம் மாறுவதில்லை. எஸ்.எல்.ஆர். கேமராவைப் போல உள்ளே கண்ணாடி ஒன்று மேலெழுந்து அதிர்வதும் இல்லை. ஆகவே 1/30 வினாடியிலும் கையில் பிடித்தே எடுக்கலாம். குறையும் உண்டு. நாம் பார்ப்பது லென்ஸின் வழியாக அன்று. எது தெளிவாக விழும், எது மங்கும் என்பதைச் சன்னல் காட்டாது. அங்கே எல்லாமே தெளிவாகத் தெரியும். இந்தக் குறையே பின்னால் என்னை ஏமாற்றியது.

வேகத்திற்கு ஒரு போட்டி

லைக்கா கேமரா 1925-இல் விற்பனைக்கு வந்தது. லென்ஸோடு இணைந்த தொலைவுமானி 1932-இல் அதற்கு அமைந்தது. அதே ஆண்டில் வெளிவந்த காண்டாக்ஸ் கேமராவுக்காக லுட்விக் பெர்ட்டலே என்ற வல்லுநர் எஃப் 1.5 சோனார் லென்ஸை வடிவமைத்தார். அக்காலத்துப் பிலிம்கள் ஒளியுணர்வு குறைந்தவை. அந்தக் குறையை லென்ஸ் ஈடுகட்ட வேண்டியிருந்தது. 1950-களில் ஜப்பானில் ஒரு போட்டியே நடந்தது. 1953-இல் ஸுனோ எஃப் 1.1, 1954-இல் ஃபியூஜினான் எஃப் 1.2, 1956-இல் நிக்கான் எஃப் 1.1 என்று ஒன்றை ஒன்று முந்தின. கேனானின் எஃப் 1.2 லென்ஸும் 1956-இல் வந்ததே. 1961-இல் கேனான் எஃப் 0.95-ஐ எட்டியது. அங்கே திறப்பின் விட்டம் குவியத்தூரத்தையே மிஞ்சிவிடுகிறது! 1966-இல் லைக்கா வெளியிட்ட நாக்டிலக்ஸ் எஃப் 1.2 லென்ஸில் கோளப் பிறழ்ச்சியைக் குறைக்க, கோளவடிவமல்லாத பரப்புகளைக் கையாலேயே தேய்த்து உருவாக்கினார்கள்.

நம் தமிழ் மண்ணுக்கும் இத்தகைய கேமராவோடு ஓர் உறவு உண்டு. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து இரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமாக்கினார். அவர் கையில் இருந்தது ஒரு சிறிய லைக்கா. ஓசையின்றிப் படம் பிடிக்கும் அந்தக் கருவி, அமைதியே மொழியாக வாழ்ந்தவரின் அருகில் நிற்கத் தகுதியானதே அல்லவா?

புயல் இரவு

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பெருமழை கொட்டியது. அடுத்த இரு நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகி நம் மாவட்டத்தின் பல ஊர்களில் புகுந்ததை நாம் எல்லோரும் கண்டோம். எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. செல்பேசிகளும் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன. பரண் மேலிருந்த பழைய அரிக்கேன் விளக்கைத் துடைத்து ஏற்றினோம். அதன் அருகே 82 வயதான என் ஆயா (மாமாவையும் அம்மாவையும் பெற்றவர்) வெற்றிலை உரலை மடியில் வைத்து இடித்துக் கொண்டிருந்தார். மஞ்சள் ஒளி அவர் முகத்தில் விழுந்த அழகைக் கண்டதும் நான் கேமராவை எடுத்து வந்தேன்.

உள்ளே 400 ஐ.எஸ்.ஓ. கறுப்பு வெள்ளைப் பிலிம் இருந்தது. மாமா தம் காலத்தில் உதகமண்டலத்தில் தயாரான ‘இந்து’ பிலிமைப் பயன்படுத்தியவர். அதைத் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இன்று இல்லை. இறக்குமதிப் பிலிமே கதி. அரிக்கேன் ஒளிக்கு எஃப் 1.2-இல் 1/30 வினாடி போதும் என்று கணக்கிட்டேன். சாதாரண எஃப் 2.8 லென்ஸாக இருந்தால் ஏறத்தாழ 1/6 வினாடி தேவைப்பட்டிருக்கும். கை நிச்சயம் ஆடியிருக்கும்.

கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு மீட்டர் தொலைவிலிருந்து, ஆயாவின் கண்ணில் இரு பிம்பங்களையும் ஒன்றாக்கினேன். பிறகு மடியில் இருந்த உரலும் சட்டத்துக்குள் வரட்டும் என்று கேமராவைக் கீழே சாய்த்து அழுத்தினேன். இப்படியே நான்கு படங்கள். கடைசிப் படத்தின்போது ஆயா என் பக்கம் குனிந்து, “சாப்பிட்டியாடா?” என்று கேட்டார். அழுத்திவிட்டு, “அப்புறம் சாப்பிடுறேன் ஆயா” என்றேன்.

சிதம்பரத்தில்

ஒரு சுருளில் 36 படங்கள் உண்டு. மிச்சத்தை வீணாக்க மனம் வரவில்லை. மார்கழித் தேருக்கு மாமாவுடன் சிதம்பரம் போனேன். விநாயகர், முருகன், நடராசர், சிவகாமியம்மை, சண்டிகேசுவரர் ஆகியோரின் ஐந்து தேர்களும் நான்கு வீதிகளையும் வலம் வரும் நாள் அது. கோயிலுக்குள் நான் கேமராவை எடுக்கவில்லை. வீதியோடு நின்றுகொண்டேன். இரவில் கீழவீதியில் வடம் இழுத்துக் களைத்து அமர்ந்தவர்களையும், ஒற்றைப் பல்பின் கீழ் பூத் தொடுத்த அம்மாள் ஒருவரையும் மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன். “தூரத்த மூணு மீட்டர்ல வெச்சிடு. அப்புறம் நீ தேடாத, அவுங்களா வருவாங்க” என்று மாமா சொன்ன உத்தியைக் கையாண்டேன்.

தை மாதத்தில் ஆயா உறக்கத்திலேயே இறந்துபோனார். சுவரில் மாட்ட ஒரு படம் தேவைப்பட்டது. மாமா அந்தச் சுருளைக் கழுவினார்.

பிலிம் சொன்ன கணக்கு

சிதம்பரத்துப் படங்கள் நன்றாக இருந்தன. பூத் தொடுத்தவரின் விரல்களும் முகமும் தெளிவு. ஆயாவின் நான்கு படங்களில் முதலாவது ஆடியிருந்தது. இரண்டாவதில் கண் மூடியிருந்தது. மூன்றாவது இருண்டிருந்தது. நான்காவதில் அந்தச் சிரிப்பு, அந்தக் கேள்வி எல்லாம் இருந்தன. ஆனால் கண்கள் மங்கல். காதுத் தோடு மட்டும் கல் பதித்த இடம் தெரியும்படி அத்தனை தெளிவாக இருந்தது.

ஏன் இப்படி? தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.2 திறப்பில், ஒரு மீட்டர் தொலைவில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 2.7 செ.மீ. அதே லென்ஸில் மூன்று மீட்டரில் இந்த ஆழம் 25 செ.மீ. சிதம்பரத்தில் நான் தப்பித்ததற்கும் வீட்டில் தோற்றதற்கும் முதற் காரணம் இது.

இரண்டாவது காரணம், நான் கேமராவைச் சாய்த்தது. லென்ஸ் தெளிவாக்குவது பிலிமுக்கு இணையான ஒரு தளத்தை. கேமராவை 15 பாகை சாய்த்தால், நடுவில் 100 செ.மீ. என்று அளந்த கண் இப்போது அச்சின் வழியே 100-ஐ கோசைன் 15-ஆல் பெருக்கிய தொலைவில், அதாவது 96.6 செ.மீ.யில் இருக்கிறது. தெளிவுத் தளமோ 100-இலேயே நிற்கிறது. பிழை 3.4 செ.மீ. நமக்கு அனுமதி இருபுறமும் ஒன்றரை செ.மீ.கூட இல்லை! இதன் மேல் ஆயா ஐந்து செ.மீ. அளவு முன்னால் குனிந்தார். இரண்டும் சேர்ந்து எட்டரை செ.மீ. ஆயிற்று. கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். கேமரா பொய் சொல்லவில்லை. நான் தோட்டைக் குறிவைத்திருக்கிறேன், அதை அறியாமலே.

கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, கருவியைச் சோதிக்க வேண்டும். நம் கல்லூரிக்கு அருகிலுள்ள தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று, தொடுவானத்துக் கப்பலை நோக்கி லென்ஸை முடிவிலிக்குத் திருப்புங்கள். இரு பிம்பங்களும் ஒன்றாக வேண்டும். பிறகு ஒரு செய்தித்தாளைச் சாய்வாக விரித்து, ஒரு மீட்டரில் ஒரு வரியைக் குறிவைத்து எடுத்து, அதே வரிதான் தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, அருகிலிருந்து எடுக்கும்போது குறிவைத்த பின் கேமராவைச் சாய்க்காதீர்கள். சாய்த்தே ஆக வேண்டுமானால், 15 பாகைக்கு மூன்று செ.மீ. என்ற அளவில் உடலைச் சற்றே பின்னுக்கு இழுங்கள்.

மூன்றாவது, ஒளி இடம் கொடுத்தால் திறப்பைக் குறையுங்கள். எஃப் 2.8-இல் ஒரு மீட்டரிலேயே ஆறு செ.மீ.க்கு மேல் ஆழம் கிடைக்கும்.

நான்காவது, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை அரைவாசி விட்டு நிறுத்தி அழுத்துங்கள்.

1975-இல் வெளிவந்த ‘பேரி லிண்டன்’ திரைப்படத்தில் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், நாசாவுக்காகச் செய்யப்பட்ட எஃப் 0.7 லென்ஸைக் கொண்டு மெழுகுவர்த்தி ஒளியிலேயே காட்சிகளைப் படமாக்கினார். ஆழம் மிகக் குறைவு என்பதால் நடிகர்கள் அதிகம் அசையாமல் நடிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கே அந்த நிலை என்றால் நமக்குச் சொல்ல வேண்டுமா?

இன்றைய செல்பேசிகள் இருட்டிலும் படம் தருகின்றன. பின்னணியைக் கணக்கிட்டு மங்கலாக்கியும் காட்டுகின்றன. தவறு நேர்ந்தால் அந்த நொடியே தெரிந்துவிடும். ஆகவே வெளிச்சத்திற்காக மட்டும் வேக லென்ஸைத் தேட வேண்டியதில்லை. எதைத் தெளிவாகக் காண வேண்டும் என்று எடுப்பவனே முடிவு செய்ய வைப்பதுதான் அதன் பயன். அந்த முடிவு இரண்டரை செ.மீ.க்குள் சரியாக இருக்க வேண்டும் என்பதே அதன் கண்டிப்பு.

எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது இருப்பது ஒரு கல்யாணத்தில் சித்தி மகள் செல்பேசியில் எடுத்த ஆயாவின் படம். அதில் கண்கள் தெளிவாக இருக்கின்றன. மாமா அதைப் பார்த்துவிட்டு, “இதுதான் சரி” என்றார். நான் எடுத்த படத்தை அம்மா கேட்டு வாங்கித் தம் பீரோவில் புடவைகளுக்கு இடையே வைத்துக் கொண்டார். ஏனென்று நான் கேட்கவில்லை. அந்தத் தோட்டை இப்போது அணிந்திருப்பவர் அவர்தான்.