அடுத்து என்ன? படம் சொல்லும்!

காலேஜ் பஸ்ல ஏறி உட்கார்ந்தாச்சு. வழக்கமான ரூட்டை விட்டுட்டு பஸ் திடீர்னு வேற பக்கம் திரும்புது. எங்கே போகுது, எப்போ நிக்கும்... யாரும் வாயைத் திறக்கலை. வயித்துக்குள்ள பகீர்னு இருக்குமா, இருக்காதா?

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு சாதாரண நாளே அப்படித்தான். 'விளையாடினது போதும், குளிக்க வா'ன்னு கூப்பிட்டதும் ஒரு பையன் அலறினா, 'சரியான அடம்'னு முடிவு கட்டிடாதீங்க. அடுத்து என்னன்னு தெரியாத பயமாகவும் இருக்கலாம்.

வாயால சொன்னா போதாதா? பேச்சு காத்தோட போயிடும். படம் அங்கேயே இருக்கும். எத்தனை தடவை வேணும்னாலும் பார்த்துக்கலாம். அமெரிக்காவில் எரிக் ஷாப்லர் உருவாக்கி, 1972-ல் வட கரோலினா மாநிலம் முழுக்க விரிவான 'டீச்' திட்டத்தின் முக்கியமான உத்திகளில் ஒன்று, இந்தப் பட அட்டவணை.

செய்யறது ரொம்ப ஈஸி. அந்தக் குழந்தையோட பிரஷ், குளியல் வாளி, டிபன் தட்டு, ஸ்கூல் வேன்... எல்லாத்தையும் செல்போன்ல க்ளிக்குங்க. பிரின்ட் போட்டு, அட்டையில ஒட்டி, வரிசையா சுவத்துல மாட்டுங்க. ஒரு வேலை முடிஞ்சதும் அந்த அட்டையை எடுத்து 'முடிஞ்சது' டப்பாவுல குழந்தையே போடட்டும். ஆரம்பத்துல ரெண்டே படம் போதும்: முதல்ல குளியல், அப்புறம் ஊஞ்சல். படம் புரியலைன்னா குளிக்கிற மக்கையே கையில கொடுக்கலாம். படிக்கத் தெரிஞ்ச குழந்தைக்கு எழுத்தே போதும்.

மூணு விஷயம் மறக்காதீங்க. ஒண்ணு, கோபத்துல ஊஞ்சல் படத்தைப் பிடுங்கக் கூடாது. அட்டவணை தண்டனை இல்லை, வாக்குறுதி. ரெண்டு, 'மாற்றம்'னு ஒரு அட்டை வெச்சுக்குங்க. அதை முதல்ல ஐஸ்க்ரீம் மாதிரி சந்தோஷமான மாற்றத்துக்குப் பயன்படுத்துங்க. வேன் வராத நாள்ல அது கைகொடுக்கும். மூணு, 'இப்பதான் நல்லா பழகிட்டானே'ன்னு சட்டுனு கழட்டிடாதீங்க. உங்க டைம்டேபிளை யாராவது கிழிச்சா சும்மா விடுவீங்களா?

இது ஆட்டிசத்தை 'குணமாக்கும்' மருந்து இல்லை. எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி ஒத்துவரும்னும் சொல்ல முடியாது. அதனால, அந்தக் குழந்தையோட சிறப்பாசிரியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.

அக்கா பையனோ, பக்கத்து வீட்டுப் பாப்பாவோ... உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குழந்தைக்காக இந்த சண்டே ரெண்டு மணி நேரம் ஒதுக்குவீங்களா?

சினிமாவுக்குத்தான் சஸ்பென்ஸ் அழகு பாஸ், ஒரு குழந்தையோட காலைப் பொழுதுக்கு இல்லை!