ட்ரவுட் மீனுக்குப் பனி எதற்கு?

கோடையில் வற்றிவரும் குளத்தை நம்ம திண்டுக்கல் பக்கம் பார்த்திருப்பீர்கள். சில நாள் விடியற்காலையில் கெண்டை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். பசியில்லை, மூச்சுத் திணறல்.

ஏன் என்று தெரிய, வீட்டில் வெந்நீர் போடும்போது எட்ட நின்று பாத்திரத்துக்குள் பாருங்கள். கொதிக்க வெகு முன்பே, கடுகளவு குமிழ்கள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். அது நீராவி இல்லை. தண்ணீரில் கரைந்திருந்த காற்று. சூடு ஏற ஏறத் தண்ணீர் காற்றைக் கைவிட்டுவிடும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். 10 டிகிரி என்றால் 11 மில்லிகிராமுக்கு மேல்.

நம்ம ஊர் விரால் பலே ஆள். மேலே வந்து காற்றையே விழுங்கிவிடும். ட்ரவுட்டுக்கு அந்த வித்தை தெரியாது. சில்லென்று ஓடும் ஓடைதான் அதற்கு வீடு. 1900 வாக்கில் பிரிட்டனிலிருந்து முட்டைகளாகக் கப்பலேறி இது காஷ்மீருக்கு வந்தது. இன்றும் பஹல்காம் பக்கம் லித்தர் ஆற்றில் பிடிக்கிறார்கள். மண்புழு வேண்டாம், இறகையும் நூலையும் முள்ளில் கட்டிப் பூச்சி மாதிரி செய்து, தண்ணீர்மேல் மிதக்கவிடுவார்கள். பூச்சி என்று நம்பி மீன் பாயும்.

பனி என்றால் நமக்கு மார்கழிக் காலைதான். கொடைக்கானல் புல்லில் வெள்ளையாகப் படிவதும் உறைபனி, வானத்திலிருந்து விழுவதல்ல. காஷ்மீரில் பஞ்சு பஞ்சாக விழுந்து ஆளுயரம் சேரும். அந்தப் பஞ்சுக்குள் காற்று அடைந்திருப்பதால், ஓடைக்கு மேல் அது கம்பளி போர்த்திய மாதிரி. அடியில் மீன் அதிகம் தின்னாமல், அசையாமல் குளிர்காலத்தை ஓட்டிவிடும்.

பனி அதிகம் பெய்த வருடம் தூண்டில்காரருக்கு முதலில் கஷ்டம்தான். வெயில் வந்ததும் பனி உருகி, ஆறு கலங்கிச் சீறும். ட்ரவுட் கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீன். கலங்கல் தண்ணீரில் இறகுப் பூச்சி அதன் கண்ணில் படாது. வெள்ளம் வடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் உச்சியில் மிச்சமிருக்கும் பனி கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உருகும். ஆறு வற்றாது, சூடேறாது. பனி பொய்த்தால் எல்லாம் தலைகீழ். 2024 ஜனவரியில் பெரும்பகுதி நாள் காஷ்மீரின் குல்மார்க் மலைச்சரிவே பழுப்பாகக் காய்ந்து கிடந்தது.

தமிழ்நாட்டிலும் ட்ரவுட் உண்டு! நீலகிரி அவலாஞ்சியில் 1907இல் வில்சன் என்பவர் இதற்குக் குஞ்சு பொரிப்பகம் தொடங்கினார். அங்கே பனிமலை ஏது? சோலைக்காடும் புல்வெளியும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஓடைகளில் மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன.

திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராஜர் அணைக்கும் மலைக்காட்டு ஓடைகளே தண்ணீர் கொண்டுவருகின்றன. அந்தப் பக்கம் போனால், பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, மரநிழல் ஓடையில் ஒரு கை, வெயிலில் தேங்கிய குட்டையில் ஒரு கை வைத்துப் பாருங்கள். நீங்கள் மீனாக இருந்தால் எதில் இருப்பீர்கள்? எழுதி அனுப்புங்கள்.