புதைத்து வைத்த சால்கள்

காக்கஸ மலைகளுக்கும் கருங்கடலுக்கும் இடையே ஜார்ஜியா என்று ஒரு சிறிய தேசம் இருக்கிறது. உலகத்தில் முதன் முதலாகத் திராட்சை மது செய்தவர்கள் தங்கள் முன்னோர்களே என்று அத்தேசத்தார் நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். எந்த தேசத்தார்தான் தங்களைப் பற்றி இப்படி ஏதாவதொன்று சொல்லிக்கொள்ளவில்லை? ஆனால் 2017-ம் வருஷத்தில் விஞ்ஞானிகள் இதற்குச் சாட்சியம் வெளியிட்டார்கள். தலைநகராகிய திபிலிசிக்குத் தெற்கே, மண்மூடிக் கிடந்த பழங்குடியிருப்புகளில் அகப்பட்ட பானை ஓடுகளில் டார்டாரிக் அமிலம் ஊறியிருந்தது. நம் புளியம்பழத்தில் இருப்பதும் அந்த அமிலமே. அந்தப் பிரதேசத்திலோ அது மிகுந்திருப்பது திராட்சையில். ஓடுகளின் வயது ஏறக்குறைய 8000 வருஷம்!

மதுபானத்தைப் பற்றி நேயர்களில் பலருடைய அபிப்பிராயத்தை நாம் அறிவோம். அதை மாற்றுவதற்காக இங்கே பேனாவை எடுக்கவில்லை. ஒரு குடிசைத் தொழில் பெரிய ஆலைகளுக்கு நடுவே எவ்வாறு உயிர் பிழைத்தது என்பதே நமது விஷயம்.

ஜார்ஜியக் குடியானவன் மது செய்வது 'க்வெவ்ரி' என்னும் மண் சாலில். அது முட்டை வடிவமானது. அடி கூராக இருக்கும். ஆள் உள்ளே இறங்கிக் கழுவக்கூடிய பெரிய சால்களும் உண்டு. குயவர் இதைச் சக்கரத்தில் வனைவதில்லை. களிமண்ணைக் கயிறுபோல் திரித்து, சுற்றின்மேல் சுற்றாக வைத்து, ஒரு வரிசை சற்று இறுகிய பிறகே அடுத்ததை ஏற்றுகிறார். ஆகவே ஒரு சால் எழும்ப வாரக்கணக்கில் ஆகும். சூளையில் பல நாள் வெந்து வெளிவந்ததும், சூடு ஆறிப்போகுமுன் உட்புறம் தேன்மெழுகு பூசுகிறார்கள். பிறகு கழுத்துவரை பூமியில் புதைத்துவிடுகிறார்கள். கோடையிலும் சாலைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது அந்த மண்தான்.

இலையுதிர் காலத்தில் அறுவடை. உற்றார் உறவினர் எல்லோரும் தோட்டத்தில் கூடிவிடுவார்கள். பழத்தைக் குடைந்த மரத்தொட்டியிலிட்டுக் காலால் மிதிப்பது பழைய வழக்கம். கிழக்கே காகேதிப் பிரதேசத்தில் சாற்றோடு தோலும் விதையும் காம்புங்கூடச் சாலுக்குள் போகின்றன. பழத்தோலில் இயற்கையாக வாழும் நுண்ணுயிர்களே அதைப் புளிக்க வைக்கின்றன. பொங்கி மேலே வரும் தோலைத் தினமும் பல தடவை கோலால் அமுக்கிவிட வேண்டும். பொங்குதல் அடங்கியபின் மூடியிட்டுக் களிமண்ணால் அடைத்தால், ஐந்தாறு மாதம் கழித்து வசந்தத்தில்தான் திறப்பார்கள். அதற்குள் விதைகள் கூரிய அடியில் போய்த் தங்கிவிடும். வெள்ளைத் திராட்சையின் சாறு தேன் நிறம் பெற்றிருக்கும்.

ஸோவியத் ஆட்சியில் மது உற்பத்தி சர்க்கார் ஆலைகளின் வசமாயிற்று. அத்தேசத்தில் 500-க்கு மேற்பட்ட திராட்சை வகைகள் உண்டு. ஆலைகளுக்கோ ரகட்சிடெலி, ஸபெராவி முதலிய சில வகைகளே போதுமாயிருந்தன. 1985-ல் கோர்பசேவ் மதுவிலக்கு இயக்கம் தொடங்கியபோது ஏராளமான கொடிகள் பிடுங்கப்பட்டன. இத்தனைக்கும் நடுவில் குடியானவர்கள் வீட்டுத் தேவைக்கென்று தங்கள் சால்களை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். வித்தை அங்கேதான் ஒளிந்திருந்தது.

1991-ல் சுதந்திரம் வந்தது. சந்தை என்னவோ ருஷ்யாவாகவே இருந்தது. 2006-ல் ருஷ்யா ஜார்ஜிய மதுவை அடியோடு தடை செய்தது. ஆலைகள் தத்தளித்தன. வேறு தேசங்களில் வாங்குவோரைத் தேடியபோது, சில ஆயிரம் புட்டிகளே செய்யும் சிறு குடும்பங்களின் க்வெவ்ரி மதுவுக்கு எதிர்பாராத மதிப்பு ஏற்பட்டது. இதற்கு முன்பே, 2001-ல், இத்தாலியின் யோஸ்கோ கிராவ்னர் ஜார்ஜியச் சால்களைத் தருவித்துத் தம் தோட்டத்தில் புதைத்திருந்தார். அலவெர்டி மடத்துத் துறவிகளும் பழைய சால்களைப் புதுப்பித்தார்கள். 2013-ல் யுனெஸ்கோ இம்முறையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே வருஷம் ருஷ்யத் தடையும் நீங்கிற்று. வெகு சீக்கிரத்தில் ருஷ்யாவே மறுபடியும் தலைமை வாடிக்கைக்காரனாயிற்று. இதை எண்ணும்போது நமக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

ஆலைச் சரக்கோடு ஒப்பிட்டால் க்வெவ்ரி மது இன்றும் சொற்பமே. ஆனாலும் சால் கேட்போர் பெருகிவிட்டார்கள். அதை வனையத் தெரிந்த குடும்பங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. தகப்பன் பக்கத்தில் பல வருஷம் உட்கார்ந்து மகன் பழக வேண்டிய வேலை அது. சுவர் எங்கேனும் மெலிந்துபோனால் சால் சூளையிலேயே வெடித்துவிடும்.