முதல் நாளின் இரண்டு எண்கள்

எச்.ஐ.வி. உறுதியானதும் மருத்துவர் இரண்டு இரத்தப் பரிசோதனைகளை எழுதுவார். ஒன்று சி.டி.4: நோய் எதிர்ப்பை முன்னின்று நடத்தும் வெள்ளை அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்ற கணக்கு. மற்றது வைரல் லோடு: ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் கிருமியின் மரபணுப் பிரதிகள் எத்தனை என்ற கணக்கு. நலமானவருக்கு முதல் எண் பொதுவாக 500க்கு மேல் இருக்கும்; 200க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலை. சென்ற வாரம் கிருமி தொற்றும் வழிகளைப் பார்த்தோம். இந்த வாரம் என் வாதம் ஒன்றே. அந்த முதல் நாள் எண்களில் பெரும்பாலும் தெரிவது, பரிசோதனை அந்த மனிதரை எத்தனை ஆண்டு தாமதமாக எட்டியது என்பதுதான். அவற்றை ஒழுக்கத்தின் மதிப்பெண்ணாக நாம் வாசிப்பதால், அடுத்தவரும் தாமதமாகவே வருகிறார்.

தொற்றிய முதல் சில வாரங்களில் கிருமி இலட்சக்கணக்கில் பெருகும். காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து தாமாகவே போய்விடும். பிறகு உடல் ஓரளவு கட்டுப்படுத்த, வைரல் லோடு இறங்கி ஒரு மட்டத்தில் நிற்கும். அந்த மட்டம் உயரமாக இருந்தால் சி.டி.4 வேகமாகக் கரையும். தாழ்வாக இருந்தால் மெல்லக் கரையும். மருந்தில்லாமல் எய்ட்ஸ் நிலையை அடையச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் ஆகலாம். அந்தக் காலம் முழுவதும் ஒருவர் செம்பனைக் குலை வெட்டலாம், லாரி ஓட்டலாம், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாம். உடம்பு எதையும் காட்டிக் கொடுக்காது. காசநோயோ நிமோனியாவோ வந்து மருத்துவமனையில் படுக்கும்போதுதான் சி.டி.4 நூறுக்கும் கீழே போயிருப்பது தெரிகிறது.

இந்தத் தாமதத்தை நம் நாட்டால் ஒழிக்க முடியும் என்பதற்குச் சான்று நம்மிடமே இருக்கிறது. 1998 முதல் அரசு கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை வழக்கமானது. மலாக்காவின் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு இரத்தம் எடுத்தால், அவர் நடத்தையை யாரும் சந்தேகிப்பதில்லை. எல்லாத் தாய்மார்களுக்கும் எடுப்பதுதான். அதன் பலனாக, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக மலேசியாவை உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் அங்கீகரித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு நாம்தான். ஆனால் அந்தப் பெண்ணின் கணவருக்கோ மணமாகாத தம்பிக்கோ அப்படி ஒரு வாய்ப்பு இயல்பாக அமைவதில்லை. முஸ்லிம் இணையருக்குத் திருமணத்துக்கு முந்திய பரிசோதனை 2001இல் ஜொகூரில் தொடங்கிக் கட்டாயமானது. முஸ்லிம் அல்லாத நம்மவருக்கு அது விருப்பம் மட்டுமே. அதோடு, மலாக்காவில் பல ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபின், தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரஸர் என்ற மருத்துவ உதவியாளரும் இல்லாத ஆண்களுக்கு மருத்துவத்தோடு உள்ள தொடர்பே அறுந்துபோகிறது. நான் கட்டாயத்தைக் கேட்கவில்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இரத்தம் கொடுக்கும் அதே நாளில் இதையும் கேட்டுப் பெறுவது வழக்கமாக வேண்டும் என்கிறேன்.

‘சி.டி.4 நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் இப்போதே மாத்திரை?’ என்று கேட்பவர் உண்டு. மருத்துவர்களும் ஒரு காலத்தில் அந்த எண் இறங்கும்வரை காத்திருக்கச் சொன்னவர்களே. 35 நாடுகளில், சி.டி.4 500க்கு மேல் இருந்த 4,685 பேரிடம் நடந்த ‘ஸ்டார்ட்’ ஆய்வு 2015இல் அதை மாற்றியது. உடனே மருந்து தொடங்கியவர்களுக்குக் கடும் நோயோ மரணமோ நேரும் வாய்ப்பு, காத்திருந்தவர்களைவிட 57 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம், எண் எதுவானாலும் சிகிச்சை என்று பரிந்துரைத்தது. மூளைக்காய்ச்சல் போன்ற சில தொற்றுகளுக்கு முதலில் மருத்துவம் பார்த்துவிட்டு மருந்தைச் சில வாரம் தள்ளித் தொடங்குவார்கள். அது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. எண் நன்றாக இருப்பது, இழப்பதற்கு முன் காப்பாற்றிக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பு. தாமதமாக வந்தவருக்கும் வாசல் மூடவில்லை: வைரல் லோடு சில மாதங்களில் அடங்கிவிடும். ஆனால் சி.டி.4 மெல்லத்தான் ஏறும். மிகத் தாழ்விலிருந்து தொடங்கிய சிலருக்குப் பழைய அளவை எட்டாமலே நின்றுவிடும்.

இதைவிடக் கனமான மறுப்பு, பெயர் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். பக்கத்து வீட்டார் எல்லாம் மாமன், மச்சான் என்ற உறவில் இருக்கும் லயத்தில் அந்தப் பயம் நியாயமானது. அதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி மருத்துவர் சுகாதாரத் துறைக்கு அறிவிக்கத்தான் வேண்டும். அந்த அறிவிப்பு முதலாளிக்கோ கோயில் கமிட்டிக்கோ போவதற்கில்லை. பெயர் சொல்லாமல் முதல் பரிசோதனை செய்துகொள்ளும் வசதி அரசு சுகாதார கிளினிக்குகளில் உண்டு. சொந்த ஊரில் கூச்சமென்றால் மலாக்கா நகருக்குப் போகலாம். குடிமக்களுக்கு முதல் வரிசை மருந்துகளும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். வெளியே தெரிவதற்கு அஞ்சித் தள்ளிப்போடுபவரைத்தான், கடைசியில் உடல் மெலிந்து, ஊரறிய ஆம்புலன்சில் ஏற்ற வேண்டியிருக்கிறது. இரகசியத்தையும் காப்பது சீக்கிரமே செய்யும் பரிசோதனைதான்.

வைரல் லோடு அளவிட முடியாதபடி இறங்கிவிட்டால் குணமாகிவிட்டதாக நம்பி மாத்திரையை நிறுத்துவோரும், நாட்டு மருந்துக்கு மாறுவோரும் உண்டு. கிருமி சில அணுக்களுக்குள் உறங்கிக்கிடக்கும். நிறுத்தினால் சில வாரங்களில் மீண்டும் பெருகும். 2006இல் வெளியான ‘ஸ்மார்ட்’ ஆய்வில், மருந்தை விட்டுவிட்டு எடுத்தவர்களிடையே நோயும் மரணமும் கூடின. தொடர்ந்து எடுப்பவருக்கோ இன்னொரு பெரும் நன்மை உண்டு. சென்னை, புனே உட்படப் பல நகரங்களில் 1,763 தம்பதியரிடம் நடந்த ஆய்வு, உடனடிச் சிகிச்சை துணைவருக்குத் தொற்றுவதை 96 விழுக்காடு தடுத்ததாக 2011இல் காட்டியது. வைரல் லோடு அடங்கிய நிலையிலேயே இருந்தால் உடலுறவில் தொற்றுவதில்லை என்பது பின்வந்த ஆய்வுகளில் உறுதியானது.

ஆகவே நம் கோயில் நிர்வாகங்களிடமும் இளைஞர் மன்றங்களிடமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களிடமும் கேட்பது இதுதான். அடுத்த இலவச மருத்துவ முகாமுக்குச் சுகாதார அலுவலகத்தை அழைக்கும்போது, எச்.ஐ.வி. பரிசோதனையையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். தலைவரும் பொருளாளரும் முதல் ஆளாகக் கையை நீட்டுங்கள். தாய்மார்களுக்குப் பழக்கமாகிவிட்ட ஒன்று ஆண்களுக்கும் பழக்கமானால், சி.டி.4 இன்னும் 500க்கு மேல் இருக்கும்போதே நம் பிள்ளைகள் மருத்துவர் முன் அமர்வார்கள்.

(தொடரும்)